‘சும்மா காமெடிக்குத்தான் பார்க்கிறேன்!’

ஒளித்துவைத்து ரசிப்பவர்களும் ஓட்டிக்கொண்டே ரசிப்பவர்களும்

தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பிய வாடகை கார் ஓரங்கட்டி நிற்கிறது. உள்ளே நான்கு நண்பர்கள், ஒரே ஐ.டி. கம்பெனி. ஓசூர் தாண்டியதிலிருந்து பாட்டுப் பொறுப்பு ஒருவர் கையில்தான். அந்தக் கும்பலில் ‘டேஸ்ட்’ உள்ளவர் என்று பெயரெடுத்தவர் அவர். பிங்க் ஃப்ளாய்ட் போடுவார், நடுவில் ஒரு சஞ்சய் சுப்ரமணியன் போடுவார், மற்றவர்கள் ஏதாவது கேட்டால் முகத்தைச் சுளிப்பார். அவர் டீ சொல்ல இறங்கிய நேரம், போன் சார்ஜரோடு முன்சீட்டில் கிடந்தது. பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. ‘அடிக்கடி கேட்டவை’ என்ற பட்டியலைத் திறந்தால், முதலிடத்தில் ‘மெட்டி ஒலி’ சீரியலின் டைட்டில் பாட்டு.

நான்கு கிளாஸை இரண்டு கையில் இடுக்கிக்கொண்டு வந்தவர், கார் ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“டேய், அது சும்மா காமெடிக்குப் போட்டு வெச்சதுடா.”

“காமெடிக்குன்னா ஹெட்போன் மாட்டிக்கிட்டாடா கேப்ப?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. யோசித்தால் யாரிடமும் இருக்காது. கிண்டலுக்காக ஒன்றை ரசிப்பதென்றால் பக்கத்தில் சிரிக்க ஆள் வேண்டும். தனியறையில், காதுக்குள், ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்கும் பாட்டுக்குக் கிண்டல் என்று பெயர் வைக்க முடியாது. அது வெறும் ஆசை.

சாக்குகளின் சந்தை

பிடித்த ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூசும்போது நாம் சொல்லும் சாக்குகளைத் தொகுத்தால் ஒரு குட்டி அகராதியே போடலாம். ‘வீட்ல அம்மா போட்டிருந்தாங்க.’ ‘சேனல் மாத்துறப்ப வந்துச்சு.’ ‘பிள்ளைங்க அடம் புடிச்சாங்க.’ ‘பஸ்ல போட்டான், வேற வழியில்ல.’ பத்திரிகைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு: ‘ஒரு கட்டுரைக்காகப் பார்த்தேன்.’

இதில் இரண்டு ரகம். ஒன்று, பிடித்திருக்கிறது, ஆனால் வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்ற ரகம். ஆங்கிலத்தில் ‘கில்ட்டி பிளெஷர்’ என்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் திருட்டு மாங்காய். இன்னொன்று, ‘எவ்வளவு மட்டமா எடுத்திருக்கான் பாரேன்’ என்று சிரித்தபடியே கடைசி சீன் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கும் ரகம். முதல் ரகத்தார் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். இரண்டாம் ரகத்தார் நாலு பேரைக் கூட்டிவைத்துப் பார்க்கிறார்கள். பயம் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான்: ‘இவன் ரசனை அவ்வளவுதானா?’ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ!

அந்த ‘யாராவது’ யார் என்பதுதான் விஷயம். எல்லோர் முன்னாலும் நாம் கூசுவதில்லை. நம்மைவிட ஒரு படி மேலே இருப்பதாக நாம் நினைக்கும் ஆளுக்கு முன்னால்தான் கூசுகிறோம்.

பித்தன் என்று திட்டியவர்

பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சியணி படித்திருப்போம். புகழ்வதுபோல இகழ்தல், இகழ்வதுபோலப் புகழ்தல். முதலாவதற்கு ஆசிரியர்கள் எப்போதும் ஔவையாரைத்தான் கூப்பிடுவார்கள். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவை, அவன் படைக்கலக் கொட்டிலில் ஆயுதங்களெல்லாம் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருப்பதைப் பாராட்டுகிறார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவாம். எவன் போருக்குப் போகிறவன் என்பது தொண்டைமானுக்குப் புரிந்திருக்கும்.

இரண்டாவது வகைதான் நம் கதைக்கு வேண்டியது. காளமேகப் புலவர் சாமிகளை ஏசியே பாடினார். நிந்தாஸ்துதி என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. சுந்தரர் கதை இன்னும் சுவை. கல்யாண மேடையில் ஓலையை நீட்டி ‘நீ எனக்கு அடிமை’ என்று வழக்காடிய கிழவரைப் பித்தன் என்று திட்டிவிட்டார். வந்தவர் சிவன் என்று திருவெண்ணெய்நல்லூரில் தெரிந்த பிறகு, பாடத் தொடங்கியபோது அந்த வசவுச் சொல்லையே முதல் சொல்லாக வைத்தார். ஏச்சு எந்த இடத்தில் பாட்டாக மாறியது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. மீம் காலத்திலும் அந்தக் கோடு அப்படித்தான் கிடக்கிறது.

கூச்சத்துக்கு அரசாங்க முத்திரை

எதை ரசிக்கக் கூச வேண்டும் என்பதை நாமாக முடிவுசெய்வதில்லை. 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு நாட்டின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் ஏறக்குறைய நின்றே போயின. சாஸ்திரிய சங்கீதத்துக்கு நேரம் கூடியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபரில் விவிதபாரதியைத் தொடங்கி அரசு இறங்கிவந்தபோது, கேட்பவர்கள் கடல் தாண்டி வெகுதூரம் போயிருந்தார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று இலங்கை அறிவிப்பாளர்களின் பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர்களின் பெயர்கள்போலப் புழங்கின.

இன்று அந்த ஐம்பதுகளின் பாட்டைக் கேட்கிறவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ‘அந்தக் காலத்துப் பாட்டு சார், இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டா?’ என்று அதை வைத்துத்தான் இன்றைய பாட்டை அடிக்கிறார்கள். குப்பை என்று ஒதுக்கியது முப்பது வருடத்தில் பழம்பொருள் ஆகிவிடுகிறது.

பாக்கெட் நாவல்களுக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்களை வரலாற்றுப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து அடி வாங்கியவர்கள் ஏராளம். ரமணிசந்திரன் வாசகிகள் அட்டைக்கு மேல் இன்னொரு அட்டை போட்டார்கள். 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், ப்ரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் இதே எழுத்தாளர்களின் கதைகளை ஆங்கிலத் தொகுப்பாகக் கொண்டுவந்தது. துப்பாக்கி ஏந்திய பெண்ணின் அட்டைப்படம் திடீரென்று கலைப் பொருள் ஆகிவிட்டது. ஏ.சி. புத்தகக் கடையில் அதை வாங்கி வரவேற்பறை மேசையில் வைத்தார்கள். பேருந்து நிலையத்தில் தமிழில் வாங்கினால் தலைகுனிவு, மாலில் ஆங்கிலத்தில் வாங்கினால் பெருமை. கதை என்னவோ ஒன்றுதான். அந்தத் தொகுப்பு நல்ல வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1,500-க்கும் மேல் நாவல் எழுதிய ராஜேஷ்குமாருக்கு மரியாதை கிடைக்க இன்னொரு மொழி தேவைப்பட்டது என்பது உறுத்தத்தான் செய்கிறது.

■ பெட்டிச் செய்தி: ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

• ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொடர் நெதர்லாந்தில் பரபரப்பாக ஓடியபோது, இயன் ஆங் என்ற ஆய்வாளர் ஒரு பெண்கள் பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்தார்: ‘எனக்கு இந்தத் தொடர் பிடிக்கும், ஆனால் மற்றவர்கள் விநோதமாகப் பார்க்கிறார்கள். உங்களுக்கு எப்படி?’ என்பது அதன் சாரம். 42 கடிதங்கள் வந்தன. வெறுத்தவர்கள், ரசித்தவர்கள் என்ற இரு கட்சிகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது: சிரித்துக்கொண்டே பார்ப்பவர்கள். இதை வைத்து 1980-களில் அவர் எழுதிய புத்தகம் இன்றும் பாடநூல்.

• 1979-ல் வந்த நூலில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, ரசனை என்பது தனிமனித விஷயமல்ல, வர்க்க அடையாளம் என்று வாதிட்டார். எதைப் பிடிக்கும் என்பதைவிட எதைக் கண்டு முகம் சுளிக்கிறோம் என்பது நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

• 2016-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் அழகியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் மட்டமான படங்களை விரும்பிப் பார்ப்பவர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பலரும் சராசரிக்கு மேல் படித்தவர்கள், கலைப்படங்களும் பார்ப்பவர்கள். அதாவது, குப்பையைக் கிண்டலாக ரசிக்க, அது குப்பை என்று சொல்லித்தரும் படிப்பும் வேண்டியிருக்கிறது.

சிரித்தே உண்டாக்கிய நட்சத்திரங்கள்

விஜய் டி.வி.யின் ‘லொள்ளு சபா’ இரண்டாயிரங்களில் ஒரு தலைமுறைக்குச் சினிமாவைக் கலாய்க்கக் கற்றுக்கொடுத்தது. 2010-ல் சி.எஸ். அமுதனின் ‘தமிழ்ப்படம்’ அதைப் பெரிய திரைக்குக் கொண்டுபோனது. இவை இரண்டையும் ரசிக்க ஒரு தகுதி வேண்டும்: கலாய்க்கப்படும் படங்களை மனப்பாடமாகப் பார்த்திருக்க வேண்டும். ஒரே பாட்டில் பணக்காரனாகும் ஹீரோவைப் பார்த்துச் சிரிக்க, அப்படிப் பணக்காரனான ஹீரோக்களுக்கு ஒருகாலத்தில் விசிலடித்திருக்க வேண்டும். அதில் இருந்தது குடும்பத்துக்குள் நடக்கும் கேலி.

அடுத்து வந்தது வேறு மாதிரி. 2007-ல் வந்த ‘யாருக்கு யாரோ’ தியேட்டரில் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சில காலம் கழித்து அதன் ஒரு பாட்டு யூடியூபில் பிடித்துக்கொண்டது. கதாநாயகன் சாம் ஆண்டர்சனின் நடனத்தை ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போட்டுச் சிரித்தார்கள். கல்லூரி விழாக்களில் அதே ஸ்டெப்பை ஆடினார்கள். பவர் ஸ்டார் சீனிவாசன் தானே தயாரித்து நடித்த ‘லத்திகா’ 2011-ல் வந்து மாதக்கணக்கில் ஓடியது. உள்ளே உட்கார்ந்து பார்ப்பது யார் என்பது ஊர் பேசிய ரகசியம். ஆனால் அவர் கணக்கு தப்பவில்லை. 2013 பொங்கலுக்கு வந்த ‘கண்ணா லட்டு தின்ன ஆசையா’வில் சந்தானத்தோடு அவரும் வந்தபோது தியேட்டர் அதிர்ந்தது. இரண்டு வருடம் கழித்து ஷங்கரின் ‘ஐ’ படத்திலும் தலைகாட்டினார். கேலியை ஏணியாக்கி ஏறியவர் என்று அவரைச் சொன்னால் தப்பில்லை.

2022 ஜூலையில் ‘தி லெஜண்ட்’ வந்தது. கடை விளம்பரங்களில் தானே தோன்றி ஏற்கெனவே மீம்களில் பழகியிருந்த சரவணன் அருள், ஹாரிஸ் ஜெயராஜ் இசையோடு பிரம்மாண்டமாக இறங்கினார். கலாய்ப்பதற்கென்றே செட்டு சேர்த்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்களும் கவுன்டரில் முழு டிக்கெட் காசு கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பாப்கார்னிலும் கிண்டலுக்கென்று தள்ளுபடி கிடையாது.

இங்கேதான் வியாபாரம் கண் விழித்தது. யூடியூபுக்குப் பார்வை என்றால் பார்வைதான். கையெடுத்துக் கும்பிட்டுப் பார்த்தாரா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தாரா என்று அதற்குக் கவலையில்லை. 2021 நவம்பரிலிருந்து ‘டிஸ்லைக்’ எண்ணிக்கையைக்கூடப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே, இப்போது ட்ரோல் ஆவதற்கென்றே பேசுகிறார்கள், மீம் டெம்ப்ளேட் ஆகட்டும் என்றே வசனம் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 2013-ல் வந்த ‘ஷார்க்நேடோ’வில் சூறாவளி சுறாமீன்களை அள்ளிக்கொண்டு ஊருக்குள் வந்து கொட்டுகிறது. வேண்டுமென்றே மட்டமாக எடுத்த அந்தப் படம் 2018-க்குள் ஆறு பாகம் கண்டது. சூசன் சான்டாக் 1964-லேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டார்: அறியாமல் அபத்தமாகும் கலைக்கு ஒரு அழகு உண்டு, திட்டம் போட்டு அபத்தமாக்கினால் அந்த அழகு வராது என்பது அவர் கட்சி. சாம் ஆண்டர்சனின் ஆட்டத்தில் ஏதோ ஒன்று இருந்தது. இன்றைய ‘வைரலாகட்டும்’ ரீல்களில் அது இல்லை. அவர் உண்மையாகவே ஆடினார்.

■ பெட்டிச் செய்தி: ஸ்பூன் எறியும் ரசிகர்கள்

2003-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் டாமி வைசோ என்பவர் எழுதி, இயக்கி, தயாரித்து, நாயகனாக நடித்த ‘தி ரூம்’ படம் வந்த வேகத்தில் படுத்தது. ‘உலகின் மகா மட்டமான படம்’ என்ற பெயரே அதைப் பிழைக்கவைத்தது. நள்ளிரவுக் காட்சிகளில் ரசிகர்கள் வசனங்களைக் கூடவே ஒப்பிப்பார்கள். படத்தில் சுவரோரம் ஸ்பூன் படம் போட்ட சட்டகம் தெரியும்போதெல்லாம் திரையை நோக்கி பிளாஸ்டிக் ஸ்பூன்களை வீசுவார்கள். உருகி உருகி ஒரு சோகக் காவியம் எடுத்த வைசோ, ஜனங்கள் சிரிப்பதைப் பார்த்த பிறகு இது கறுப்பு நகைச்சுவை என்று பெயரை மாற்றிக்கொண்டார். படம் எடுத்த கதையை நடிகர் கிரெக் செஸ்டரோ 2013-ல் புத்தகமாக்கினார். அது 2017-ல் ‘தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்’ என்ற படமானது.

சிரிப்பின் மறுமுனை

வைசோவுக்கும் பவர் ஸ்டாருக்கும் தோல் தடிப்பு. எல்லோருக்கும் அப்படி இருக்காது.

2011 மார்ச்சில் அமெரிக்காவில் ரெபேக்கா பிளாக் என்ற 13 வயதுச் சிறுமியின் ‘ஃப்ரைடே’ பாட்டு பரவியது. மகளின் ஆசைக்காகத் தாய் ஒரு சின்னக் கம்பெனிக்குப் பணம் கட்டி எடுத்த வீடியோ அது. உலகமே சேர்ந்து அதை மிக மட்டமான பாட்டு என்று கொண்டாடியது. ‘கொண்டாடியது’ என்பதுதான் சரியான சொல், கோடிக்கணக்கில் பார்த்தார்கள். டிஸ்லைக்குகள் லட்சக்கணக்கில் குவிந்தன. எட்டாம் வகுப்பு வயதுப் பெண்ணுக்குக் கொலைமிரட்டல்கூட வந்தது. பத்து வருடம் கழித்து, 2021-ல் அதே பாட்டை வேறு பாடகர்களோடு சேர்ந்து புதிதாக வெளியிட்டார். அன்று சிரித்த பலர் இன்று அவருக்கு நிஜ ரசிகர்கள். நடுவில் போன அந்தப் பத்து வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நம் ஊரில் உடன்குடி ஜி.பி. முத்து. மரவேலை செய்துகொண்டிருந்தவர், டிக்டாக்கில் பேசிப் பிரபலமானார். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடையானதும் யூடியூபுக்கு வந்து, தனக்கு வரும் கடிதங்களையும் பார்சல்களையும் கேமரா முன்னால் பிரித்தார். அன்பாக வந்தவை உண்டு. திட்டுவதற்கென்றே தபால் செலவு செய்து அனுப்பியவையும் உண்டு. அவரும் ‘செத்த பயலே’ என்று ஆரம்பித்துத் திருப்பிக் கொடுப்பார். அவர் வாயிலிருந்து அந்த வசவைக் கேட்பதற்காகவே மேலும் அனுப்பினார்கள். காசு கொடுத்துத் திட்டு வாங்கிச் சிரிக்கும் விளையாட்டு. 2022 அக்டோபரில் ‘பிக் பாஸ்’ வீட்டுக்குள் போனவர், முதல் சில நாள்களிலேயே பெரிய ரசிகர் படையைச் சேர்த்தார். பிறகு மகனைப் பார்க்க வேண்டும் என்று தானே கேட்டு வெளியேறிவிட்டார். கிண்டல் செய்ய உட்கார்ந்தவர்களில் பலர், ஒரு தகப்பன் கிளம்பிப் போவதைப் பார்த்து கண் கலங்கியதாகச் சொன்னார்கள்.

‘கிரிஞ்ச்’ யாருக்கு ஒட்டும்?

தமிழில் இப்போது அதிகம் புழங்கும் விமர்சனச் சொல் ‘கிரிஞ்ச்’. மொக்கை என்ற பழைய சொல் படைப்பைத்தான் சொல்லும். கிரிஞ்ச் ஆளையே சொல்கிறது.

டிக்டாக் காலத்தில் அந்தப் பட்டம் யார் மேல் ஒட்டப்பட்டது என்று நினைத்துப் பார்க்கலாம். வயல் வரப்பில் ஆடிய கணவன் மனைவி, செங்கல் சூளையில் டூயட் பாடியவர்கள், ஒப்பனை போட்டு நடித்த கிராமத்துப் பையன்கள், வயதை மறந்து ஆடிய அம்மாக்கள். அதே பாட்டுக்கு அதே ஸ்டெப்பை அடுக்குமாடி வீட்டு பால்கனியில் நல்ல வெளிச்சத்தில் ஆடினால் அதற்குப் பெயர் ‘கன்டென்ட்’. டிக்டாக் போனபோது ‘அப்பாடா, தொல்லை விட்டது’ என்ற பெருமூச்சில் தேசபக்தி கொஞ்சம், வர்க்கம் நிறைய.

கானாவுக்கும் இது நடந்தது. வடசென்னையின் சாவு வீடுகளில் பாடப்பட்டதைப் பல காலம் சினிமா நகைச்சுவைக்கும் குத்துக்கும்தான் கூப்பிட்டது. 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, கானாவைச் சிரிக்காமல் நின்று கேட்க வந்தது ஒரு பெருங்கூட்டம். பாடியவர்கள் மாறவில்லை. கேட்டவர்களின் முகத்திலிருந்த அந்தக் கோணல் சிரிப்புதான் காணாமல் போயிருந்தது.

ரசனைக்காக மன்னிப்புக் கேட்கும் பழக்கத்திலும் பாகப்பிரிவினை உண்டு. கிரிக்கெட் மேட்சை நாள் முழுக்கப் பார்க்கிற ஆண், அதைத் ‘திருட்டு ரசனை’ என்று சொல்வதில்லை. அரைமணி நேரம் சீரியல் பார்க்கும் பெண்தான் ‘ஏதோ, வேலை முடிஞ்சு கொஞ்ச நேரம்’ என்று இழுக்க வேண்டியிருக்கிறது.

ஆதி குணசேகரனின் ஆண் ரசிகர்கள்

சீரியல் என்றாலே நெற்றியைச் சுருக்கிய ஆண்களை 2022-ல் ஒரு ஆள் டி.வி. முன்னால் உட்காரவைத்தார். சன் டி.வி.யின் ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து. ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வத்தின் தொடர் அது. மாரிமுத்து ‘ஏ இந்தாம்மா ஏய்’ என்று அதட்டும் துண்டு வீடியோக்கள் போன் போனாகத் தாவின. பார்க்க ஆரம்பித்தவர்கள் ‘மீமுக்காகத்தான்’ என்றார்கள். ஆறு மாதத்தில் ஒன்பதரை மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும் என்று வண்டியை முறுக்கினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தொடர் ஆதி குணசேகரனைப் பற்றியது அல்ல. அவன் பிடியில் மூச்சுத் திணறும் அந்த வீட்டு மருமகள்கள் நால்வரும் எப்படி வெளியே வருகிறார்கள் என்பதுதான் கதை. மீம்களில் அந்தப் பெண்கள் இல்லை. அதட்டல் மட்டும் தனியாகப் பிரிந்துவந்து, வீட்டு ஆண்கள் மனைவியை விளையாட்டாக அதட்ட உதவும் வசனம் ஆகிவிட்டது. கேலி செய்வதாக நினைத்து, கேலிக்குரியவனின் குரலையே கடன் வாங்கிக்கொண்டார்கள். கிண்டல் ரசனையில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. முகமூடியைக் கழற்ற மறந்துவிடும்.

மாரிமுத்துவின் நடிப்பு அதற்குப் பொறுப்பல்ல. ‘பரியேறும் பெருமா’ளில் மகளுக்கும் சாதிக்கும் நடுவே தத்தளிக்கும் தகப்பனாக அவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் எப்பேர்ப்பட்ட நடிகர் என்று. 2023 செப்டம்பர் 8 காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்று பகிரப்பட்டவை முந்தைய நாள் வரை மீமாக ஓடிய அதே துண்டுகள்தான்.

கேப்டன்

ஏச்சு பாட்டாக மாறியதற்கு நம் காலத்துச் சாட்சி ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அது விஜயகாந்த்.

2001-ல் வந்த ‘நரசிம்மா’வில் அவருக்கு மின்சாரம் பாய்ச்சினால் மின்சாரத்துக்கே ஷாக் அடிக்கும் காட்சி ஒன்று உண்டு. தமிழ் மீம் உலகத்தின் அரிச்சுவடி என்று அதைச் சொல்லலாம். தீவிரவாதிகளைப் பிடிப்பது, புள்ளிவிவரம் அடுக்குவது, சுவரில் கால்வைத்துச் சுழன்று உதைப்பது என்று எதை எடுத்தாலும் சிரிப்பு. அதுவரை பாதகமில்லை, சினிமா மிகைக்கு ரசிகன் கொடுக்கும் கூலி அது. பிறகு அவர் உடல் தளர்ந்தது, பேச்சு குழறியது. அதையும் வெட்டி ஒட்டிச் சிரித்தார்கள். நோயாளி ஒருவரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பலருக்குத் தெரியவில்லை, தெரிந்த சிலர் நிறுத்தவும் இல்லை.

2023 டிசம்பர் 28-ல் அவர் இறந்தார். மறுநாள் சென்னைத் தீவுத்திடலில் கூட்டம் அலைமோதியது. சமூக வலைதளங்களில் திரும்பின பக்கமெல்லாம் ‘மன்னிச்சிருங்க கேப்டன்’ என்று எழுதினார்கள். ஒருகாலத்தில் மீம் போட்ட அதே பையன்கள். அவர் அலுவலகத்தில் வருவோர் போவோருக்கெல்லாம் போட்ட சோறும், நடிகர் சங்கக் கடனை அடைக்க நட்சத்திரங்களைத் திரட்டி நடத்திய கலைவிழாவும் அப்போதுதான் புதிய தலைமுறையின் காதில் விழுந்தன.

ஒன்பது மாதம் கழித்து, 2024 செப்டம்பரில் ‘லப்பர் பந்து’ வந்தது. அதில் ‘கெத்து’ என்ற பாத்திரத்தில் வரும் அட்டகத்தி தினேஷ், கிராமத்து மைதானத்தில் பேட் பிடித்து இறங்கும்போது மைக்செட்டில் விஜயகாந்த் பாட்டு ஒலிக்கும். 1989-ல் வந்த ‘பொன்மன செல்வன்’ படத்தில் இளையராஜா போட்ட பாட்டு. படத்துக்குள் யாரும் அதைக் கிண்டலாகக் கேட்பதில்லை. இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து அதை ஒரு ரசிகனின் கொடியாக ஏற்றியிருந்தார். தியேட்டரில், 1989-ல் பிறந்தே இராத பிள்ளைகள் சீட்டிலிருந்து எழுந்து ஆடினார்கள். பாட்டு கல்யாண மண்டபங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் ரீல்களுக்கும் போனது. எங்கேயும் யாரும் ‘சும்மா காமெடிக்கு’ என்று சொல்லவில்லை.

உயிரோடு இருந்தபோது அந்தக் கைதட்டலில் பாதி அவர் காதில் விழுந்திருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் பல ரசிகர்களிடம் மிச்சமிருக்கிறது.

தொப்பூருக்கு அப்பால்

டீ குடித்து கார் கிளம்பியது. ‘மெட்டி ஒலி’ பாட்டு முடிந்து திரும்பவும் ஆரம்பித்தது; யாரோ ரிப்பீட்டில் போட்டிருந்தார்கள். கிண்டலடித்துக்கொண்டிருந்த மூன்று பேரும் ஒவ்வொருவராகக் கூடப் பாடத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு வரி தப்பவில்லை. 2002-லிருந்து 2005 வரை, வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே தினமும் கேட்டது எப்படித் தப்பும்? 2020 ஊரடங்கில் சன் டி.வி. அந்தத் தொடரை மறுபடி போட்டபோது, ‘அம்மாவுக்குத் துணைக்கு’ உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டார்.

அதுவரை பேசாமல் வந்த டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார்.

“எதுக்கு சார் சிரிச்சீங்க? நல்ல நாடகம் சார் அது. அதுல அந்தப் பெரியவருக்கு அஞ்சு பொண்ணுங்க. எங்கப்பாவுக்கு மூணு. அது முடியிற வரைக்கும் எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க. மூணாவது அக்கா கல்யாணத்தன்னிக்கு இந்தப் பாட்டத்தான் மைக்செட்ல போடச் சொன்னாரு எங்கப்பா.”

‘டேஸ்ட்’ உள்ள நண்பர் முன்சீட்டிலிருந்து கையை நீட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.